சி-பெப்டைடு எங்கிருந்து வருகிறது: ஒரு பீட்டா செல்லின் உள்வழி

சென்ற மாதம் அம்மாவின் இரத்தப் பரிசோதனை அறிக்கையை வாங்கி வந்தபோது, வெறும் வயிற்றுச் சர்க்கரை, உணவுக்குப் பின் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி என்று நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் வரிகளுக்குக் கீழே சி-பெப்டைடு என்று புதிதாக ஒரு வரி இருந்தது. அம்மா பல ஆண்டுகள் மாத்திரையில் இருந்துவிட்டு, இப்போது நான்கு ஆண்டுகளாக இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறார். அவருடைய கணையம் சொந்தமாக இன்னும் எவ்வளவு இன்சுலினைச் சுரக்கிறது என்று அறிய வேண்டும் என்பதற்காகவே மருத்துவர் இந்தப் பரிசோதனையை எழுதிக் கொடுத்திருந்தார். அறிக்கையைப் படித்துக் காட்டியபோது அம்மா, "இன்சுலின் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் இன்சுலினையே அளந்து பார்க்கலாமே, வேறு எதையோ ஏன் அளக்கிறார்கள்?" என்று கேட்டார்.

சுருக்கமான விடை எளிது. ஊசியில் செலுத்திய இன்சுலினும் கணையம் சுரந்த இன்சுலினும் இரத்தத்தில் ஒன்றாகக் கலந்துவிடுவதால், எது எவ்வளவு என்று பிரித்தறிவது கடினம். சி-பெப்டைடோ, உடல் தானே இன்சுலினைச் செய்யும்போது மட்டும் உண்டாகும் ஒரு துண்டு. மருந்துக் குப்பியில் அது இருப்பதில்லை. அம்மாவுக்கு இந்த விடை போதுமானதாக இருந்தது. பள்ளியில் உயிரியல் கற்பிக்கும் எனக்கு அது போதவில்லை. அந்தத் துண்டு எந்த இடத்தில் வைத்து வெட்டப்படுகிறது, வெட்டப்பட்ட பிறகும் ஏன் இன்சுலினுடனேயே வெளியே வருகிறது என்று சொல்லப் புகுந்தால், செல்லின் உள்ளே இருக்கும் ஏறத்தாழ எல்லா நுண்ணுறுப்புகளையும் ஒவ்வொன்றாகக் கடந்துதான் விடைக்கு வந்து சேர முடியும்.

ஆண்டுதோறும் நான் கரும்பலகையில் ஓர் அட்டவணை வரைவேன். இடப்பக்கம் நுண்ணுறுப்பின் பெயர், வலப்பக்கம் அதன் பணி. உட்கரு கட்டுப்பாட்டு மையம், மைட்டோகாண்ட்ரியா ஆற்றல் மையம், ரைபோசோம் புரதத் தொழிற்சாலை, லைசோசோம் தற்கொலைப் பை என்று மாணவர்கள் அதைப் படித்துத் தேர்வில் அப்படியே எழுதுவார்கள். அந்த அட்டவணையில் பெரிய பிழை எதுவும் இல்லை. ஆனால் இந்த உறுப்புகள் ஒன்றுக்கொன்று என்ன தொடர்பு உடையவை, ஒன்றின் வேலை முடிந்த இடத்தில் மற்றொன்றின் வேலை எப்படித் தொடங்குகிறது என்பதை அது முற்றிலும் மறைத்துவிடுகிறது. செல் என்பது பைகளின் தொகுப்பு அன்று. ஒரு பொருள் எந்தச் சவ்வுக்கு எந்தப் பக்கத்தில், எந்த வரிசையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அங்கு எல்லாம் நடக்கிறது. ஒரே ஒரு புரதத்தைத் தொடக்கத்திலிருந்து பின்தொடர்ந்து சென்றால் இது தானாகவே விளங்கும் என்பது என் நம்பிக்கை. அதற்கு இன்சுலினை விடப் பொருத்தமான புரதம் எனக்குத் தெரியாது.

இன்சுலினைச் செய்பவை கணையத்தின் உள்ளே சிதறிக் கிடக்கும் லாங்கர்ஹான்ஸ் திட்டுகளில் உள்ள பீட்டா செல்கள். பால் லாங்கர்ஹான்ஸ் 1869இல், மருத்துவ மாணவராக இருந்தபோதே, தம் ஆய்வேட்டில் இந்தத் திட்டுகளை விவரித்தார். அவை எதற்காக இருக்கின்றன என்பது அப்போது விளங்கவில்லை. கணையத்தின் எடையில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கோ இரண்டு பங்கோதான் இந்தத் திட்டுகள். எஞ்சிய பெரும்பகுதி, உணவைச் செரிக்கும் நொதிகளைச் சுரந்து குடலுக்கு அனுப்புகிறது.

இன்சுலினுக்கான மரபணு நம் பதினோராவது குரோமோசோமில் இருக்கிறது. தோல் செல்லிலும், எலும்பு செல்லிலும், மூளை செல்லிலும் அதே மரபணு உண்டு. பீட்டா செல்லின் உட்கருவில்தான் அது முழு அளவில் திறந்து படிக்கப்படுகிறது. உட்கருவைச் சுற்றி இரட்டைச் சவ்வு இருக்கிறது. அந்தச் சவ்வில் ஆயிரக்கணக்கான துளைகள் உள்ளன. ஒவ்வொரு துளையும் பல புரதங்கள் சேர்ந்து அமைத்த, கட்டுப்பாடு மிகுந்த வாயில். டி.என்.ஏ.வில் உள்ள செய்தி தூது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்பட்டு, தேவையற்ற பகுதிகள் வெட்டி நீக்கப்பட்ட பிறகே இந்த வாயில் வழியாக வெளியேற விடப்படுகிறது. மூலப் பிரதி ஒருபோதும் உட்கருவை விட்டு வெளியே வருவதில்லை.

வெளியே வந்த தூது ஆர்.என்.ஏ.வை ரைபோசோம் பற்றிக்கொள்கிறது. ரைபோசோம் என்பது பெரியதும் சிறியதுமான இரண்டு பகுதிகள் சேர்ந்த ஒரு பொறி. இதன் அணு அளவிலான அமைப்பை வெளிப்படுத்தியதற்காக 2009ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பெற்ற மூவரில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். வெந்நீர் ஊற்றுகளில் வாழும் ஒரு பாக்டீரியத்தின் ரைபோசோமில் சிறிய பகுதியின் அமைப்பை அவருடைய குழு 2000இல் வெளியிட்டது. அந்த ஆய்வுகளிலிருந்து தெளிவான ஓர் உண்மையை நான் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறேன்: புரதச் சங்கிலியின் கண்ணிகளான அமினோ அமிலங்களை ஒன்றோடொன்று இணைக்கும் வேலையை ரைபோசோமில் உள்ள புரதங்கள் செய்வதில்லை, அதன் ஆர்.என்.ஏ.தான் செய்கிறது. நம் செல்களில் ஒரு ரைபோசோம் வினாடிக்கு ஏறத்தாழ ஐந்து அமினோ அமிலங்களைக் கோக்கிறது.

இங்கேதான் இன்சுலினின் வழி, செல்லின் உள்ளேயே தங்கிவிடும் புரதங்களின் வழியிலிருந்து பிரிகிறது. இன்சுலினின் முதல் வடிவத்தில் 110 அமினோ அமிலங்கள் இருக்கின்றன. அவற்றுள் முதல் 24 அமினோ அமிலங்களுக்கு இரத்தத்தில் எந்த வேலையும் இல்லை. அவை ஒரு முகவரிச் சீட்டு. ரைபோசோமிலிருந்து இந்தச் சீட்டு வெளியே தலைகாட்டியவுடன், உட்கருவுக்கு வெளியே செல்லை நிரப்பியிருக்கும் சைட்டோபிளாசத்தில் இதற்கென்றே சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு சிறு துகள் அதைப் பிடித்துக்கொள்கிறது. புரதம் கோக்கும் வேலை தற்காலிகமாகத் தடைப்படுகிறது. துகள் அந்த ரைபோசோமை அப்படியே இழுத்துக்கொண்டு போய், சவ்வாலான பைகளும் குழல்களும் பின்னிய எண்டோபிளாச வலைப்பின்னலின் சவ்வில் சேர்க்கிறது. சவ்வில் உள்ள ஒரு நுண்துளைக்கு நேராக ரைபோசோம் பொருந்திய பிறகு வேலை மீண்டும் தொடங்குகிறது. நூல் நூற்க நூற்க ஊசித் துளை வழியாக மறுபுறம் போவதைப் போல, வளர்ந்துகொண்டிருக்கும் புரதம் சவ்வைக் கடந்து உட்புறம் சென்றுவிடுகிறது. முகவரிச் சீட்டின் வேலை அங்கு முடிந்துவிடுவதால் அது வெட்டி நீக்கப்படுகிறது. எஞ்சுவது 86 அமினோ அமிலங்கள் கொண்ட புரோஇன்சுலின்.

எண்டோபிளாச வலைப்பின்னலில் சொரசொரப்பானது, வழவழப்பானது என இரு வகை உண்டு என்று நாம் கற்பிக்கிறோம். அந்தச் சொரசொரப்பு, முகவரிச் சீட்டைத் தொடர்ந்து வந்து ஒட்டிக்கொண்டிருக்கும் ரைபோசோம்களால் உண்டானது என்பதைச் சொல்லாமல் விட்டால், மாணவர் அதை ஒரு நிலையான மேற்பரப்பு என்றே எண்ணுவார். உண்மையில் ஒட்டியிருக்கும் ரைபோசோமும் தனியே மிதக்கும் ரைபோசோமும் ஒரே வகையைச் சேர்ந்தவை. எந்தச் செய்தியைப் படிக்கிறது என்பதே அது எங்கே இருக்கும் என்பதை முடிவு செய்கிறது. புரதங்களுக்கு இப்படி முகவரி உண்டு என்ற கருத்தை நியூயார்க்கில் உள்ள ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் குந்தர் புளோபெல் 1970களில் முன்வைத்து நிறுவினார். 1999இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சிறுவனாக இருந்தபோது ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரை அதன் அழிவுக்குச் சில நாட்கள் முன்பு பார்த்தவர் அவர். பரிசுத் தொகையில் பெரும்பகுதியை, போரில் இடிந்த அந்நகரின் தேவாலயத்தையும் யூத வழிபாட்டிடத்தையும் மீண்டும் எழுப்புவதற்குக் கொடுத்துவிட்டார். செல் உயிரியலின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த செய்திகளில் இதுவும் ஒன்று.

இனி எண்டோபிளாச வலைப்பின்னலின் உட்புறத்தைப் பற்றிச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பாடநூல்களில் மிகக் குறைவாகப் பேசப்படும் இடம் அதுவே. உள்ளே நுழைந்த புரோஇன்சுலின் ஒரு தளர்ந்த சங்கிலி. அது சரியான வடிவில் மடிந்தால்தான் பயன்படும். அந்த மடிப்பை நிலைநிறுத்துவன, சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் உள்ள கந்தக அணுக்கள் இரண்டிரண்டாக ஒன்றோடொன்று பிணைவதால் உண்டாகும் பாலங்கள். இன்சுலினில் ஆறு சிஸ்டீன்கள், மூன்று பாலங்கள். சைட்டோபிளாசத்தின் வேதியியல் சூழல் இத்தகைய பாலங்களை உருவாகவிடாது. எண்டோபிளாச வலைப்பின்னலின் உட்புறச் சூழலோ அதற்கென்றே அமைந்தது போல ஆக்சிஜனேற்றத் தன்மை உடையது. ஒரே செல்லுக்குள், ஒரு மெல்லிய சவ்வுக்கு இப்பக்கமும் அப்பக்கமும் இவ்வளவு வேறுபட்ட இரண்டு சூழல்கள் பேணப்படுகின்றன. தவறான சிஸ்டீன்கள் இணைந்துவிட்டால் அந்தப் பாலத்தைக் கலைத்து மீண்டும் சரியாக இணைக்கும் நொதிகள் அங்கே இருக்கின்றன. மடியாத பகுதிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளாமல் தாங்கிப் பிடிக்கும் துணைப் புரதங்களும் இருக்கின்றன. இவ்வளவுக்குப் பிறகும் சரியாக மடியாத புரதத்துக்கு மேலே செல்ல அனுமதி கிடையாது. அது சைட்டோபிளாசத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டு, அங்கே சிதைக்கப்படுகிறது.

இந்தக் கண்காணிப்பு எவ்வளவு முக்கியமானது என்பதற்கு அகிட்டா என்ற ஜப்பானிய நகரின் பெயரைத் தாங்கிய ஓர் எலி வகை சான்று. சுண்டெலிக்கு இரண்டு இன்சுலின் மரபணுக்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதிகள், ஆக நான்கு பிரதிகள் உண்டு. அகிட்டா எலியில் அவற்றுள் ஒரே ஒரு பிரதியில், ஒரு சிஸ்டீன் இருக்க வேண்டிய இடத்தில் டைரோசின் வந்துவிட்டது. மீதமுள்ள மூன்று பிரதிகள் நல்ல இன்சுலினுக்கே உரியவை. போதுமான இன்சுலின் கிடைத்திருக்க வேண்டும். ஆயினும் எலிக்கு நீரிழிவு வந்துவிடுகிறது. பாலம் அமையாத அந்தப் புரதம் வலைப்பின்னலின் உள்ளே தேங்குகிறது, நல்ல புரதங்களின் மடிப்பையும் கெடுக்கிறது, தேக்கம் தாங்காமல் நாளடைவில் பீட்டா செல்களே நலிகின்றன. மனிதர்களிலும், பிறந்து ஆறு மாதங்களுக்குள் நீரிழிவு வரும் குழந்தைகள் சிலருக்கு இதே போன்ற இன்சுலின் மரபணுப் பிழைகள் இருப்பதை 2007இல் கண்டறிந்தார்கள். இன்சுலின் என்ற மூலக்கூறு குறைந்ததனால் மட்டும் வந்த நோய் அன்று இது. வேலை நடக்கும் கூடம் அடைபட்டதனால் வந்த நோய்.

இந்தக் கூடத்திலிருந்து புரதம் அடுத்து எங்கே போகிறது என்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது தனியே சொல்லத்தக்கது. ருமேனியாவின் யாஷ் நகரில் 1912இல் பிறந்த ஜார்ஜ் பலாடே, ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் கினிப்பன்றியின் கணையத்தை வைத்துக்கொண்டு 1960களில் அந்தச் சோதனையைச் செய்தார். இன்சுலினைச் செய்யும் செல்களை அல்ல, செரிமான நொதிகளைச் செய்யும் செல்களையே அவர் தேர்ந்தார். அவை எண்ணிக்கையிலும் புரத உற்பத்தியிலும் மிகுந்தவை. எலக்ட்ரான் நுண்ணோக்கி செல்லின் உள்ளமைப்பை மிகத் தெளிவாகக் காட்டும், ஆனால் அது காட்டுவது இறந்து உறைந்த செல்லை. அசைவை எப்படிப் பார்ப்பது? பலாடேயும் அவருடன் பணியாற்றிய ஜேமீசனும் கணையத் திசுவின் மெல்லிய சீவல்களுக்குக் கதிரியக்கம் கொண்ட லியூசின் என்ற அமினோ அமிலத்தை மூன்று நிமிடம் மட்டும் கொடுத்து, பிறகு உடனே சாதாரண லியூசினுக்கு மாற்றினார்கள். அந்த மூன்று நிமிடத்தில் செய்யப்பட்ட புரதங்கள் மட்டுமே அடையாளம் பெற்றன. பிறகு வெவ்வேறு நேரங்களில் சீவல்களை எடுத்து உறையச் செய்து, கதிரியக்கப் புள்ளிகள் எங்கே இருக்கின்றன என்று ஒளிப்படச் சுருளில் பதிவு செய்து பார்த்தார்கள். மூன்று நிமிட முடிவில் புள்ளிகள் பெரும்பாலும் சொரசொரப்பான வலைப்பின்னலின் மேல்; இருபது நிமிடம் கழித்துக் கோல்கை உறுப்பை ஒட்டி; ஒன்றரை, இரண்டு மணி நேரம் கழித்துச் செல்லின் விளிம்பருகே திரண்டிருக்கும் சுரப்புத் துகள்களில். நின்றுபோன படங்களை அடுக்கி ஓர் ஊர்வலத்தையே கண்ணால் காணச் செய்த அந்தச் சோதனையை நான் முதன்முதலில் படித்த நாள் இன்னும் நினைவில் இருக்கிறது. 1974இல் பலாடே, ஆல்பெர் கிளாட், கிறிஸ்டியன் டி டுவே ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

வலைப்பின்னலிலிருந்து கோல்கை உறுப்புக்குப் புரதங்கள் சிறு நுண்பைகளில் ஏற்றப்பட்டுச் செல்கின்றன. சவ்வு மொட்டுவிட்டுப் பிரிவதும், போய்ச் சேர்ந்த இடத்தில் மற்றொரு சவ்வோடு கலந்துவிடுவதுமாக இந்தப் போக்குவரத்து நடப்பதால், புரதம் மீண்டும் ஒருமுறை சவ்வைத் துளைத்துக் கடக்க வேண்டிய தேவை எழுவதே இல்லை. காமில்லோ கோல்கி 1898இல், ஓர் ஆந்தையின் சிறுமூளை செல்களை வெள்ளி உப்பால் சாயமேற்றியபோது இந்த உறுப்பைக் கண்டார். அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக, அது சாயத்தால் தோன்றிய போலித் தோற்றம் என்றே பல அறிஞர்கள் வாதிட்டார்கள். 1950களில் எலக்ட்ரான் நுண்ணோக்கிதான் அந்த வழக்கை முடித்துவைத்தது. தோசைகளை அடுக்கினாற்போலத் தட்டையான சில பைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதே கோல்கையின் அமைப்பு. பல புரதங்களுக்கு இங்கே சர்க்கரைச் சங்கிலிகள் சேர்க்கப்பட்டுத் திருத்தப்படுகின்றன. இன்சுலினுக்கு அந்தத் திருத்தம் தேவையில்லை. அதைப் பொறுத்தவரை கோல்கை ஒரு தபால் பிரிப்பகம். எது லைசோசோமுக்கு, எது உடனே செல்லின் வெளிச் சவ்வுக்கு, எது சேமித்து வைக்க வேண்டியது என்று மறுமுனையில் பிரிக்கப்படுகிறது. புரோஇன்சுலின் மூன்றாவது வகையில் சேர்க்கப்பட்டு, சுரப்புத் துகள் எனப்படும் சவ்வுறையில் அடைக்கப்படுகிறது.

அம்மாவின் கேள்விக்கான விடை இந்தத் துகளின் உள்ளேதான் இருக்கிறது. துகளின் சவ்வில் உள்ள புரத எக்கிகள் ஹைட்ரஜன் அயனிகளை உள்ளே செலுத்திக்கொண்டே இருப்பதால் உட்புறம் மெல்ல அமிலமாகிறது, பி.எச். அளவு ஏறத்தாழ 5.5க்கு இறங்குகிறது. புரோஇன்சுலினுடன் கூடவே அடைக்கப்பட்டிருந்த வெட்டு நொதிகள் அந்த அமிலச் சூழலில்தான் நன்றாக வேலை செய்யத் தொடங்குகின்றன. அவை சங்கிலியை இரண்டு இடங்களில் வெட்டுகின்றன. முனைகளில் எஞ்சும் நான்கு அமினோ அமிலங்களும் நீக்கப்பட்ட பிறகு, 30 அமினோ அமிலங்கள் கொண்ட பி சங்கிலியும் 21 கொண்ட ஏ சங்கிலியும் கந்தகப் பாலங்களால் இணைந்து 51 அமினோ அமிலங்கள் கொண்ட இன்சுலினாகின்றன. இரண்டுக்கும் நடுவே இருந்த 31 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டு தனியாகிறது. அதுவே சி-பெப்டைடு.

1967க்கு முன், ஏ சங்கிலியும் பி சங்கிலியும் தனித்தனியே செய்யப்பட்டுப் பிறகு இணைக்கப்படுகின்றன என்றே பலரும் கருதினார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ஸ்டெய்னர், ஒரு நோயாளியிடமிருந்து அகற்றப்பட்ட இன்சுலின் சுரக்கும் கட்டியின் செல்களை ஆராய்ந்து, முதலில் ஒரே நீண்ட சங்கிலி உருவாகி அதுவே பின்னர் வெட்டப்படுகிறது என்று காட்டினார். நடுத்துண்டு இருப்பதன் காரணமும் அதோடு விளங்கியது: அது ஏ, பி பகுதிகளை ஒன்றுக்கொன்று எதிரே சரியான நிலையில் பிடித்துவைத்து, வலைப்பின்னலில் சரியான பாலங்கள் அமைய உதவுகிறது. வீடு கட்டும்போது தளம் இறுகும்வரை முட்டுக் கொடுத்து நிற்கும் சாரத்தைப் போன்றது அதன் பணி. சாரத்தை இறக்கியபின் கட்டடத்திலிருந்து அப்புறப்படுத்திவிடலாம். பீட்டா செல்லால் அப்படிச் செய்ய முடியாது, ஏனெனில் வெட்டு நடப்பது ஏற்கெனவே மூடி அடைக்கப்பட்ட உறையின் உள்ளே. ஆகவே இன்சுலின் மூலக்கூறு ஒன்று வெளியேறினால் சி-பெப்டைடு ஒன்றும் அதே உறையிலிருந்து அதே நொடியில் வெளியேறியாக வேண்டும். மேலும், குடல்பகுதியிலிருந்து வரும் இரத்தம் முதலில் கல்லீரலைக் கடக்கும்போது இன்சுலினில் ஏறத்தாழப் பாதி அங்கேயே பயன்படுத்தப்பட்டுவிடுகிறது. சி-பெப்டைடு அவ்வாறு எடுக்கப்படுவதில்லை, இரத்தத்திலும் இன்சுலினை விட நெடுநேரம் நிலைக்கிறது. கணையத்தின் சொந்த உழைப்பை அளக்க இதைவிட நேர்மையான சாட்சி கிடையாது. அம்மாவின் அறிக்கையில் அந்த எண் இயல்பான வரம்பின் கீழ் எல்லைக்குச் சற்றே கீழாக இருந்தது. குறைவுதான், ஆனால் இருக்கிறது.

துகளின் உள்ளே துத்தநாகமும் செறிவாகச் சேர்க்கப்படுகிறது. துத்தநாக அயனிகளைச் சுற்றி ஆறு இன்சுலின் மூலக்கூறுகள் ஒன்றுசேர்ந்து அறுவர் குழுவாகின்றன. அக்குழுக்கள் திரண்டு படிகமாகின்றன. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பீட்டா செல்லின் துகள்கள், வெளிறிய வளையத்தின் நடுவே கருத்த மையம் கொண்டவையாகத் தெரிவதற்கு இந்தப் படிகமே காரணம். ஒரு பீட்டா செல்லில் இத்தகைய துகள்கள் ஏறத்தாழ 10,000 இருக்கும். அவை நுண்குழல்கள் எனப்படும் புரதத் தடங்களின் வழியாக விளிம்புக்கு நகர்த்தப்பட்டு, அனுமதிக்காகக் காத்திருக்கின்றன.

அனுமதியைக் கொடுப்பது மைட்டோகாண்ட்ரியா. "ஆற்றல் மையம்" என்ற அட்டவணைச் சொல் எனக்கு மிகவும் குறைபாடாகத் தோன்றும் இடம் இதுதான். உணவு உண்டபின் இரத்தத்தில் ஏறும் குளுக்கோஸ் தடையின்றிப் பீட்டா செல்லுக்குள் நுழைகிறது, அங்கே சிதைக்கப்பட்டு மைட்டோகாண்ட்ரியாவில் எரிக்கப்படுகிறது. அதன் உட்சவ்வின் ஒரு பக்கத்தில் ஹைட்ரஜன் அயனிகள் தேக்கப்பட்டு, அணைநீர் சுழலியைத் திருப்புவதுபோல் அவை திரும்பி வரும் விசையால், செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏ.டி.பி. உருவாகிறது. பீட்டர் மிட்செல் 1961இல் இந்தக் கருத்தை வெளியிட்டபோது ஏற்றவர்கள் சிலரே. 1978இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தசை செல்லில் ஏ.டி.பி. வேலைக்கான எரிபொருள். பீட்டா செல்லில் அது எரிபொருளாக இருப்பதோடு ஒரு செய்தியாகவும் இருக்கிறது. செல்லின் வெளிச் சவ்வில் பொட்டாசியம் கசியும் வாயில்கள் உள்ளன, ஏ.டி.பி. மிகுந்தால் அவை மூடிக்கொள்கின்றன. மூடியதும் சவ்வின் மின்னழுத்தம் மாறுகிறது, கால்சியம் வாயில்கள் திறக்கின்றன, உள்ளே பாயும் கால்சியம் காத்திருக்கும் துகள்களின் சவ்வைச் செல்லின் வெளிச் சவ்வோடு கலக்கச் செய்கிறது, இன்சுலின் வெளியே கொட்டுகிறது. இரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்பதை இந்தச் செல் உணர்வது மைட்டோகாண்ட்ரியாவின் எரிப்பை வைத்துத்தான்.

அம்மா முன்பு உட்கொண்டுவந்த கிளிபென்கிளமைடு மாத்திரை அந்தப் பொட்டாசிய வாயிலைத்தான் நேரடியாக மூடுகிறது. பிறந்த குழந்தைகளுக்கு வரும் நீரிழிவில் கணிசமானவை அந்த வாயில் மூடாமல் சிக்கிக்கொள்வதால் வருகின்றன என்பது 2004இல் தெரியவந்தது. அதன்பின் அத்தகைய குழந்தைகள் பலர், ஆயுள் முழுதும் போட வேண்டியிருந்திருக்கும் ஊசியை விட்டு மாத்திரைக்கு மாற முடிந்திருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று 16,569 காரிணைகளும் (டி.என்.ஏ.வின் எழுத்து இணைகள்) 37 மரபணுக்களும் கொண்ட தனி டி.என்.ஏ. உண்டு, அது தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. அதில் ஒரே ஓர் எழுத்து மாறினால் உண்டாகும் ஒரு வகை நீரிழிவு, காது கேளாமையோடு சேர்ந்து, தாய்வழியாகவே குடும்பங்களில் தொடர்கிறது. சர்க்கரையை உணரும் பொறி பழுதுபட்டால் என்னவாகும் என்பதை இது காட்டுகிறது.

லைசோசோமைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பெல்ஜியத்தின் லூவென் நகரில் கிறிஸ்டியன் டி டுவே ஆராய முற்பட்டது, கல்லீரலில் இன்சுலின் எப்படி வேலை செய்கிறது என்பதை. அதற்காகக் கல்லீரல் செல்களை உடைத்து நொதிகளை அளந்தபோது, அமில பாஸ்பட்டேஸ் என்ற நொதியின் செயல்பாடு 1949இல் ஒரு நாள் எதிர்பார்த்ததில் பத்தில் ஒரு பங்கே இருந்தது. அதே சாறு சில நாட்கள் குளிர்பெட்டியில் இருந்தபின் அளந்தால் செயல்பாடு பன்மடங்கு கூடியிருந்தது. நொதி ஏதோ ஓர் உறையின் உள்ளே அடைபட்டிருந்து, உறை நைந்தபின் வெளிவருகிறது என்று அவர் ஊகித்தார். 1955இல் அந்த உறைக்கு லைசோசோம் என்று பெயரிட்டார். பீட்டா செல்லில், பயன்படாமல் பழையதாகிவிட்ட இன்சுலின் துகள்கள் லைசோசோமோடு கலந்து சிதைக்கப்படுகின்றன, அமினோ அமிலங்கள் மீண்டும் பயனுக்கு வருகின்றன. தற்கொலைப் பை என்ற பெயரை நான் இனி வகுப்பில் சொல்லப்போவதில்லை. ஒவ்வொரு நாளும் நடக்கும் இந்தப் பராமரிப்பை அது தெரியவிடாமல் செய்கிறது.

அம்மாவின் ஊசி மருந்தையும் இந்த வழியை வைத்தே புரிந்துகொள்ள முடியும். முன்பெல்லாம் பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்து இன்சுலின் எடுத்தார்கள். 1978இல் மனித இன்சுலினின் இரண்டு சங்கிலிகளையும் ஈ. கோலை பாக்டீரியத்தைக் கொண்டு தனித்தனியே செய்ய முடிந்தது. 1982இல் அமெரிக்காவில் அது மருந்தாக அனுமதி பெற்றது. ஆனால் பாக்டீரியத்தில் எண்டோபிளாச வலைப்பின்னல் கிடையாது, கோல்கையும் கிடையாது. அதன் செல்லுக்குள் செய்யப்படும் இன்சுலின் சங்கிலி மடிய இடமின்றிக் கட்டிகளாகத் திரண்டுவிடுகிறது. தொழிற்சாலையில் அக்கட்டிகளைக் கரைத்து, சங்கிலியை மடியச் செய்து, கந்தகப் பாலங்களை அமைத்து, நொதியால் வெட்டி, செல் தன் அறைகளில் செய்யும் வேலையை மனிதர்கள் தொட்டிகளில் செய்ய வேண்டியிருக்கிறது. ரொட்டிக்கு இடும் ஈஸ்ட்டில் இந்த அறைகள் எல்லாம் இருக்கின்றன. ஈஸ்ட்டின் சுரப்பு வழியில் எந்த மரபணு பழுதானால் எந்த இடத்தில் புரதம் தேங்குகிறது என்பதை ராண்டி ஷெக்மன் 1970களின் இறுதியிலிருந்து ஒவ்வொன்றாகக் கண்டறிந்தார்; அவ்வழி நம் செல்களின் வழியோடு பெரிதும் ஒத்தது என்பதும் தெளிவாயிற்று. 2013இல் அவரும் நோபல் பரிசு பெற்றார். இன்று சந்தையில் உள்ள இன்சுலினில் ஒரு பகுதி ஈஸ்ட்டில்தான் செய்யப்படுகிறது. ஈஸ்ட் அதன் முன்னோடி வடிவத்தை மடித்து, பாலங்களை அமைத்து, தானே வெளியே சுரந்தும் விடுகிறது; இறுதி வெட்டும் தூய்மையாக்கமும் மட்டும் தொழிற்சாலையின் வேலை. நடுத்துண்டு இவ்விரு முறைகளிலும் நீக்கப்பட்டுவிடுவதால்தான் குப்பியில் சி-பெப்டைடு இல்லை.

துத்தநாகம் மட்டும் குப்பியிலும் இருக்கிறது. பீட்டா செல்லின் துகளில் இருப்பதைப் போலவே அங்கும் இன்சுலின் அறுவர் அறுவராகச் சேர்ந்தே இருக்கிறது, அவ்வாறு இருக்கும்வரை கெடாமல் நிலைக்கிறது. கணையத்திலிருந்து கொட்டும்போது வேகமாக ஓடும் இரத்தத்தில் அந்தக் குழுக்கள் கணத்தில் கலைந்துவிடும். தோலுக்கடியில் ஊசியால் செலுத்தும்போதோ அவை கலைந்து ஒற்றை மூலக்கூறுகளாகி இரத்த நாளத்துக்குள் நுழைய நேரம் பிடிக்கிறது. அம்மா ஊசி போட்டுக்கொண்டு, இட்லித் தட்டை எதிரில் வைத்தபடி அரை மணி நேரம் காத்திருப்பது அதற்காகத்தான்.